விமான சிமுலேட்டருக்கு 4கே திரையா, விஆர் ஹெட்செட்டா?

நண்பர்களே, கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு 43 அங்குல 4கே திரை வாங்குவதா, தலையில் மாட்டும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டான குவெஸ்ட் 3 வாங்குவதா என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன்.

திரையில் உயரமானியின் எண்கள் பளிச்சென்று தெரிகின்றன. குவெஸ்ட் 3-இல் கண்ணுக்கு 2064 x 2208 புள்ளிகள் இருந்தும், ஏறக்குறைய 110 பாகை அகலத்துக்கு அவை பரவிவிடுவதால் செஸ்னா என்ற சிறு விமானத்தின் சின்ன எண்களைக் குனிந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் தரையிறங்கும்போது விமானத்தின் மூக்கைத் தூக்கும் அந்தக் கணம்! ஓடுபாதை எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை உடம்பே உணர்கிறது. நண்பர் வீட்டில் ஒருமுறை மாட்டிப் பார்த்ததிலிருந்து அது மனதை விட்டு அகலவில்லை.

மூக்குக்கண்ணாடி அணிபவர்களால் ஹெட்செட்டுடன் நீண்ட நேரம் பறக்க முடிகிறதா? எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலையும் சுவிட்சுகளையும் பார்க்காமல் தடவியே இயக்கப் பழகிவிடுமா? தலைசுற்றல் போகப்போகக் குறைகிறதா? ஓசூர், தருமபுரி பக்கம் பெரிய திரை வைத்திருப்பவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க அனுமதித்தால் பேருதவியாக இருக்கும்.