செஞ்சிக் கோட்டைக்காகச் சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் வண்டி ஓட்டலாமா? போய் வந்தவர்கள் எழுதுங்கள்

குரோம்பேட்டை:
போன மாசியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன், இன்னும் மனசு ஆறவில்லை. தாம்பரம் தாண்டவே எட்டு மணி, மேல்மருவத்தூர் பக்கம் டிபன், திண்டிவனத்தில் திருவண்ணாமலை ரோட்டில் திரும்பிக் கோட்டைக்குள் நுழையும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. கல்யாண மகால், நெற்களஞ்சியம் எல்லாம் பார்த்து, நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு ராஜகிரி மலைப் படிக்கு வந்தால், நேரமாகிவிட்டது, இனிமேல் மேலே விடமாட்டோம் என்றார்கள். அப்பாவுக்குச் சின்ன வயதில் தெருவில் கேட்ட தேசிங்குராஜன் பாட்டு பாதி இன்னும் மனப்பாடம். ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு உச்சியையே பார்த்தபடி நின்றார், அப்புறம் "சரி, வா" என்று திரும்பிவிட்டார். அவருக்கு 68 வயது. மறுபடி அழைத்துப் போகலாமா?

பெரம்பூர்:
கட்டாயம் போங்கள், ஆனால் மேலே ஏறாவிட்டால் அந்தப் பயணமே வீண். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும், இருபதடிக்கு மேல் அகலம், சுமார் அறுபதடி ஆழம், அதன்மேல் ஒரு சின்னப் பாலம். நடுவில் நின்று கீழே பார்த்துவிட்டேன், காற்று துப்பட்டாவைப் பிடுங்குகிறது, கை கம்பியை விடவே மாட்டேன் என்கிறது. முகலாயப் படை 1690 முதல் 1698 வரை ஏன் இந்தக் கோட்டையோடு மல்லுக்கட்டியது என்பது அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. பாலத்தை எடுத்துவிட்டால் எவன் உள்ளே வருவான்?

மேற்கு மாம்பலம்:
ஏறாவிட்டால் வீண் என்று எழுதியதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். முட்டிவலிக்காரி நான், மூன்று முறை போயிருக்கிறேன், ஒரு தடவைகூட ஏறியதில்லை. கீழே வெங்கடரமணர் கோயிலில் ஆளே இல்லாத மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த தூண்களைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள், இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான். சிறுவயதில் அந்தத் தூண்களுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடியவள் நான், எங்கிருந்து வந்தவை என்று தெரியாமலே. அன்றைக்கு வெகுநேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை.
குரோம்பேட்டைக்காரருக்கு ஒன்று. விடியற்காலை நாலரைக்குக் கிளம்புங்கள், டிபனையும் கையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். குரங்குகள் பையைப் பறிக்கும், தின்பண்டத்தை வெளியே காட்டாதீர்கள். பங்குனி, சித்திரையில் வேண்டவே வேண்டாம், பாறை அனலாகக் கொதிக்கும். வெயில் ஏறியதும் பக்கத்திலேயே சிறுகடம்பூரில் திருநாதர்குன்று, ஒரே பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியர் பற்றிய கல்வெட்டும் அங்கேதான். திரும்பும்போது விழுப்புரம் வழியாக வந்தால் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் பொறித்து வைத்த குடைவரை, அதைப் பார்க்காமல் வராதீர்கள்.

ஆவடி:
தேசிங்கு அங்கே ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை, 1714ல் ஆற்காட்டு நவாபோடு மோதிச் செத்துப்போனார். 1677ல் சிவாஜி பிடித்ததையும் சொல்லுங்கள், 2025ல் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி ஏறியதே மராட்டியக் கோட்டைகளில் ஒன்றாகத்தான். ஆனாலும் அப்பாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், அவருக்கு அந்தப் பாட்டு போதும்.
ராஜகிரி முடியாதென்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி மலை இருக்கிறது, உயரம் குறைவு. காலையிலேயே அம்மாவைப் பத்துப் படிக்கு ஒருதரம் உட்கார வைத்து ஏற்றினேன். மேலே குவிமாடம் வைத்த மண்டபத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. எதிரே ராஜகிரி முழுசாகத் தெரியும், படியில் ஏறுகிறவர்கள் எறும்பு மாதிரி. அம்மா அவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தார், நான் கூப்பிட்டும் இறங்க வரவில்லை.