அண்ணாவின் கால் பெருவிரல்

கல்லடி அண்ணா: ரிப்போட் வந்தது. இரத்தத்தில் யூரிக் அசிட் என்கிற கழிவு 8.4, கூடிவிட்டது, கவுட் என்கிற மூட்டு வருத்தமாம். இரவு முழுக்கக் கால் பெருவிரல் நெருப்பாக எரிந்தது, போர்வை பட்டாலே உயிர் போகிறது. இனி இறால், கணவாய், பருப்பு ஒன்றும் வேண்டாம்.

சின்ன மாமி: வாவிக்கரையில் இருந்துகொண்டு இறால் இல்லாமலா மகன்?

நான்: அண்ணா, இறாலைக் குறையுங்கள், பருப்பை விட வேண்டாம். பின்னேரம் கடையில் குடிக்கிற சோடாவை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? சிவப்பு அடையாளம் போட்ட போத்தல் என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லி குடித்தால் 44 கிராமுக்குக் குறையாது, பதினொரு தேக்கரண்டி!

கல்லடி அண்ணா: சீனிக்கும் யூரிக் அசிட்டுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குச் சீனி வருத்தம் இல்லையே.

நான்: சம்பந்தம் இருக்கிறது அண்ணா. சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். பிரக்டோஸைக் கல்லீரல் தடையில்லாமல் இழுத்து எடுக்கும், அதற்கு ஏடிபி என்கிற சக்தியைக் கண்மண் தெரியாமல் செலவழிக்கும், அந்த ஏடிபி உடைந்து மிஞ்சுவதுதான் கடைசியில் யூரிக் அமிலமாகிறது. மற்ற விலங்குகள் பலவற்றுக்கு அதை மேலும் உடைக்க ஒரு நொதியம் இருக்கிறது, மனிதருக்கு இல்லை. மிச்சப் பிரக்டோஸ் கல்லீரலில் கொழுப்பாகும். கொழுப்பு ஏற இன்சுலின் கூடும், இன்சுலின் கூடினால் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். இரண்டு பக்கத்தாலும் அடி.

மச்சாள்: அப்ப பிரஷர், கொழுப்பு, எடை எல்லாவற்றுக்கும் யூரிக் அசிட்தான் காரணமா?

நான்: அதில் இன்னும் வாதம் நடக்கிறது மச்சாள். சிறுநீரக மருத்துவர் ரிச்சர்ட் ஜோன்சனின் குழு 2006இல் பிரக்டோஸ் கொடுத்த எலிகளுக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் கொடுத்தபோது பிரஷரும் இன்சுலினும் எடையும் அவ்வளவு ஏறவில்லை. மனிதரில் அப்படி உறுதியாகவில்லை, சேர்ந்தே வருகிற கூட்டாளியாகவும் இருக்கலாம். ஆனால் சீனிக்குடிபானம் அதிகம் குடிக்கும் ஆண்களுக்கு இந்தக் கவுட் வருத்தம் கூடுதலாக வருகிறது, அது பெரிய ஆய்விலேயே தெரிந்தது. அதனால்தான் கேட்கிறேன் அண்ணா, இடுப்பு எவ்வளவு?

கல்லடி அண்ணா: 98 செ.மீ. பிரஷர் 140/90. ட்ரைகிளிசரைட் என்கிற இரத்தக் கொழுப்பு 210.

நான்: நம் ஆட்களில் ஆணுக்கு இடுப்பு 90க்கு மேல், ட்ரைகிளிசரைட் 150க்கு மேல், பிரஷர் 130/85க்கு மேல், வெறும் வயிற்றுச் சீனி 100க்கு மேல், நல்ல கொழுப்பு 40க்குக் கீழ். இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபொலிக் சின்ட்ரோம் என்பார்கள், சீனி வருத்தமும் இதய வருத்தமும் வரும் ஆபத்தைக் கூட்டுகிற கூட்டு நிலை. உங்களுக்கு மூன்று இப்போதே வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயம், விரல் நோவு ஒரு கிழமையில் ஆறிவிடும்.

மச்சாள்: தேத்தண்ணிக்கும் மூன்று கரண்டி, ஒரு நாளைக்கு ஐந்து தரம். நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

சின்ன மாமி: தயிருக்குக் கித்துள் பாணி நல்லதுதானே பிள்ளை? இயற்கைதானே.

நான்: பாணியும் சீனிதான் மாமி. தயிரைப் பாணி இல்லாமல் சாப்பிடட்டும், நல்லது. கொய்யா, பப்பாசியை முழுதாகச் சாப்பிடலாம், யூஸ் அடித்து வடித்துக் குடிக்க வேண்டாம்.

கல்லடி அண்ணா: தேத்தண்ணிக்கு ஒரு கரண்டியாவது விடு தங்கச்சி.

நான்: இந்தக் கிழமை ஒன்று போடுங்கள், அடுத்த கிழமை அரை. தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஆனால் சீனியை விட்டேன் என்று டொக்டர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், புதிதாக எதையும் வாங்கிப் போடவும் வேண்டாம்.

மச்சாள்: வீட்டில் இருந்த இரண்டு போத்தலையும் ஊற்றிவிட்டேன்.

கல்லடி அண்ணா: சரி. வியாழன் கிளினிக், நீயும் வா.