மறு: பிஜிபி அமர்வு அடிக்கடி விழுவதற்குத் தமிழில் என்ன சொல்வது? (முறிவு, முறிப்பு, மீள்முறிவு)

வணக்கம் நண்பர்களே,

> டிராப் என்றால் துண்டிப்பு, ஃபிளாப் என்றால் சிறகடிப்பு. இத்துடன் இழையை முடித்துக்கொள்ளலாமே?

முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் பழுது டிக்கெட்டில் சிறகடிப்பு என்று எழுதினால் எதிர்முனையில் இருப்பவர் சிரிப்பார். துண்டிப்பு என்று எழுதினால் கேபிளைப் பார்க்க ஆள் அனுப்பிவிடுவார். எனக்கு இரண்டாவதுதான் கவலை.

பிஜிபி என்பது எந்த வலையமைப்புக்கு எந்த வழி என்று திசைவிகள் (ரவுட்டர்கள்) ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் நெறிமுறை. அந்தப் பேச்சுத் தொடர்புதான் அமர்வு. நம் திசைவியும் இணையச் சேவையாளரின் திசைவியும் டிசிபி (பொதிகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) 179ஆம் போர்ட்டில் பேசிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பேச்சு நின்றுபோகக் கம்பி அறுந்திருக்க வேண்டியதில்லை. இன்டர்ஃபேஸ் மேலேயே இருக்கும், பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், அமர்வு மட்டும் விழும். இதற்குத் துண்டிப்பு என்று பெயர் வைத்தால், கம்பி உண்மையாகவே அறுபடும் நாளில் என்ன சொல்வோம்? அந்தச் சொல்லைக் கம்பிக்கே விட்டுவிடலாம்.

பேச்சு நிற்பதற்குச் செய்தித்தாள்களில் நெடுநாளாகவே சொல் இருக்கிறது: பேச்சுவார்த்தை முறிந்தது. ஒரு தரப்பு வேண்டுமென்றே எழுந்து போனால், பேச்சை முறித்துக்கொண்டார்கள். தானாக நடந்ததையும் ஒருவர் செய்ததையும் வினையிலேயே பிரித்துக் காட்டுகிற வசதி இது. ஆகவே நான் முன்வைப்பது அமர்வு முறிவு, அமர்வு முறிப்பு என்ற இரண்டு சொற்கள்.

> இரண்டு எதற்கு? எப்படி விழுந்தாலும் விழுந்ததுதானே.

பழுது பார்ப்பவருக்கு அப்படியல்ல. அமர்வை மூடும் திசைவி, வழி இருந்தால், ஒரு நோட்டிஃபிகேஷன் செய்தியை அனுப்பிவிட்டுத்தான் மூடும். லாகில் முதலில் பார்க்க வேண்டியது அதை அனுப்பியது நாமா, பெற்றது நாமா என்பது. அடுத்தது அதன் எண். 2006இல் வந்த ஆர்எஃப்சி 4271இன்படி (ஆர்எஃப்சி என்பவை இணைய நெறிமுறை ஆவணங்கள்) 4 என்றால் ஹோல்டு டைமர் முடிந்தது, அதாவது மறுமுனையிலிருந்து குரலே வரவில்லை. இது முறிவு. 6 என்றால் சீஸ், அதாவது நிறுத்தம். அதிலும் துணை எண் 1 வந்தால் அனுமதித்த வரம்புக்கு மேல் முன்னொட்டுகளை (முகவரித் தொகுதிகளை) அனுப்பிவிட்டோம் என்று பொருள். 2 வந்தால் யாரோ ஷட்டவுன் கட்டளை கொடுத்திருக்கிறார். இவை முறிப்பு. முறிவுக்குப் பாதையைத் தோண்ட வேண்டும். முறிப்புக்குத் தொலைபேசியை எடுத்தால் போதும், "வரம்பை ஏற்றிக்கொடுங்கள்" என்று கேட்கலாம், அல்லது நாம் ஏன் இவ்வளவு வழிகளைக் கொட்டினோம் என்று நம் வடிகட்டியைப் பார்க்கலாம்.

எல்லை வழக்கு உண்டு, மறைக்கவில்லை. பிழையான அப்டேட் (வழிகளை அறிவிக்கும் செய்தி) ஒன்று வந்தால் அமர்வையே மூடுவது பழைய நடைமுறை, எண் 3. 2015இன் ஆர்எஃப்சி 7606 அதைத் தளர்த்தி, பல பிழைகளுக்கு அந்த வழியை மட்டும் திரும்பப் பெற்றதாகக் கொள்ளச் சொன்னது. எண் 3ஐ நான் முறிப்பில்தான் வைப்பேன். மாற்றுக் கருத்து இருந்தால் வாதாடலாம். எண் 2 இரண்டிலும் சேராது. ஏஎஸ் எண் (வலையமைப்பின் அடையாள எண்) பொருந்தாமல், அமர்வைத் தொடங்கும் ஓப்பன் செய்தியிலேயே மறுப்பு வந்தால் அமர்வு கூடவே இல்லை, கூடாதது எப்படி முறியும்?

இனி ஹோல்டு டைம். "பிடிப்பு நேரம்" என்ற பரிந்துரையைப் படித்தால் எதைப் பிடிப்பது என்ற கேள்விதான் எழுகிறது. தமிழில் கெடு இருக்கிறதே! கெடு விதிக்கிறோம், கெடு முடிகிறது, கெடுவை நீட்டிக்கிறோம். மௌனக் கெடு என்றால் எவ்வளவு நேரம் பேச்சு மூச்சின்றி இருக்கலாம் என்பதும் விளங்கிவிடும். ஆர்எஃப்சி பரிந்துரைக்கும் கெடு 90 விநாடி. சிஸ்கோவில் இயல்பிருப்பு (டீஃபால்ட்) 180. இரு தரப்பும் வெவ்வேறாகச் சொன்னால் சிறியதே செல்லும்.

> கெடு என்றால் அழி, பாழாக்கு என்றும் பொருளாயிற்றே.

"நாளை வரை கெடு" என்று கேட்டு யாரும் எதையும் பாழாக்கியதில்லை.

கெடுவுக்குள் அனுப்பும் கீப்அலைவுக்கு உயிர்ப்புச் செய்தி, இதயத்துடிப்பு என்றெல்லாம் வந்திருக்கிறது. அந்தச் செய்தியில் உள்ளடக்கமே கிடையாது. 19 பைட்டுத் தலைப்பு மட்டும்தான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்போமே, அவ்வளவுதான் அது சொல்வதும். எனவே உள்ளேன் செய்தி. வேடிக்கையாகத் தொடங்கிய யோசனைதான், ஆனால் கீழே உள்ள விளக்கத்தை இந்தச் சொல் இல்லாமல் எழுதிப் பார்த்தேன், சுற்றி வளைக்க வேண்டியிருந்தது.

அமர்வு நிலைபெறுகிறது, ஏறத்தாழக் கெடு அளவுக்கு நிற்கிறது, விழுகிறது. மறுபடி நிலைபெறுகிறது, அதே இடைவெளியில் விழுகிறது. லாகில் எப்போதும் எண் 4. இந்தத் தாளம் தெரிந்தால் முதலில் எம்டியூவை (பாதை கடத்தக்கூடிய மிகப் பெரிய பொதியின் அளவை) சந்தேகிக்க வேண்டும். ஓப்பனும் உள்ளேன் செய்தியும் மிகச் சிறியவை, எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். பிறகு வழி அட்டவணையை அனுப்பத் தொடங்கும்போதுதான் 1500 பைட்டுப் பொதிகள் கிளம்புகின்றன. நடுவில் ஏதோ டனலோ சுவிட்சோ அவ்வளவு பெரியதைக் கடத்தாமல் போட்டுவிடுகிறது. "பெரிது, சிறிதாக்கு" என்று திரும்பி வர வேண்டிய ஐசிஎம்பி செய்தியை ஒரு ஃபயர்வால் விழுங்கிவிடுகிறது. டிசிபி அதே பொதியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. டிசிபியில் வரிசை தாண்ட முடியாது அல்லவா? அடுத்து அனுப்பிய உள்ளேன் செய்திகள் எல்லாம் அந்தப் பெரிய பொதிக்குப் பின்னால் தேங்கிவிடுகின்றன, போய்ச் சேர்ந்தாலும் மறுமுனை டிசிபி அவற்றை மேலே பிஜிபியிடம் கொடுக்காது. மறுமுனைக்கு இவர் மௌனமாகிவிட்டார். கெடு முடிகிறது, முறிவு.

சாதாரண பிங் இதைக் காட்டிக்கொடுக்காது. ஐபிவி4 என்றால் துண்டாக்கத் தடைவிதித்து 1472 பைட் உள்ளடக்கத்தோடு பிங் செய்ய வேண்டும். தலைப்புகள் 28 சேர்ந்தால் 1500. அது போகாமல் சிறியது போனால் ஆளைப் பிடித்தாயிற்று. சிலர் கெடுவை நீட்டி வைத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று டிக்கெட்டை மூடுகிறார்கள். முறிவு சற்றுத் தாமதமாக வரும், வேறொன்றும் மாறாது.

இப்படிக் கூடிக் கூடி விழுவதுதான் ஃபிளாப். ஊசலாட்டம் வேண்டாம், அது சீராக ஆடுவது. படபடப்பு நெஞ்சுக்கு உரியது. தொடர்முறிவு பற்றி யோசித்தேன், தொடர் முறிந்தது என்றும் பிரித்துப் படிக்க இடமிருக்கிறது. மீள்முறிவு என்றால் இடையில் மீண்டும் கூடியதும் குறிப்பாக வந்துவிடும். வழி ஒன்று தோன்றி மறைந்துகொண்டிருக்கும் ரூட் ஃபிளாப்புக்கு இதையே பயன்படுத்தக் கூடாது. அமர்வு ஆடாமல் நிற்கும்போதும் அது நடக்கலாம்.

அடுத்தது ஆக்டிவ் நிலை. இதைச் "செயலில்" என்று பெயர்த்த பட்டியலைப் பார்த்துத் திடுக்கிட்டேன். பிஜிபியில் ஆக்டிவ் என்றால் அமர்வு இன்னும் கூடவில்லை, அயலரை (மறுமுனைத் திசைவியை) அடைய முயன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். புதிதாக வந்தவர் அட்டவணையில் "செயலில்" என்று பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். முயல்நிலை என்று வைப்போம். முயல்நிலையிலேயே நின்றால் அயலர் முகவரி, 179ஐ மறிக்கும் வடிகட்டி, கடவுச்சொல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எம்டி5 கடவுச்சொல் பொருந்தாவிட்டால் நோட்டிஃபிகேஷன்கூட வராது, பொதிகள் சத்தமின்றிக் குப்பைக்குப் போகும். லூப்பேக் முகவரிகளுக்கு (திசைவியின் உள் முகவரிகளுக்கு) இடையே வேறு ஏஎஸ்ஸுடனான வெளி அமர்வு என்றால் டிடிஎல்லையும் (பொதி எத்தனை தாவல் போகலாம் என்ற எண்) பார்க்க வேண்டும், அதன் இயல்பிருப்பு வெறும் 1.

> ரவுட்டருக்கு வழிச்செயலி என்பதே பொருத்தம்.

இதற்குத் தனி இழை தொடங்குங்கள், தயவுசெய்து. இங்கே திசைவியே போகட்டும்.

சொற்கள் நிற்கின்றனவா என்று பார்க்கச் சேவையாளருக்கு ஒரு டிக்கெட் எழுதிப் பார்த்தேன்:

"உங்கள் திசைவியுடனான அமர்வில் மீள்முறிவு. ஒவ்வொரு முறையும் நிலைபெற்று ஏறத்தாழ 90 விநாடியில் விழுகிறது. நோட்டிஃபிகேஷன் எண் 4, அனுப்பியது உங்கள் திசைவி. உங்கள் பக்கம் முறிப்பு எதுவும் செய்யப்படவில்லை என்று உறுதி செய்யுங்கள். இணைப்புத் துண்டிப்பு இல்லை. 1472 பைட் பிங் போகவில்லை, 1400 போகிறது. பாதையின் எம்டியூவைச் சரிபார்க்கவும்."

"உங்கள் பக்கம் முறிப்பு" என்ற தொடர் மட்டும் கொஞ்சம் கடுமையாக ஒலிக்கிறது, குற்றம் சாட்டுவதுபோல. மென்மையான சொல் யாரிடமாவது இருந்தால் முறிப்பை விட்டுக்கொடுக்கத் தயார். முறிவையும் கெடுவையும் விடுவதாக இல்லை.