1932இல் கொள்ளுப்பாட்டியின் காசுமாலை எங்கே போனது?

மாம்பலத்துக்காரன்:
மேற்கு மாம்பலம் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது கொள்ளுத்தாத்தாவின் கணக்கு நோட்டு கிடைத்தது. கரையான் தின்றதுபோக மிச்சத்தைப் படிக்க முடிகிறது. பிரஜோத்பத்தி வருஷம் தை மாதம், அதாவது 1932 தொடக்கத்தில், ஒரு வரவு: "காசுமாலை 12 பவுன், 17 ரூபாய் 2 அணா வீதம், 205 ரூபாய் 8 அணா." கீழேயே செலவு: கிஸ்தி (நிலவரி) 88, சாவுகார் வட்டி 110, எழும்பூருக்கு இரண்டு டிக்கெட் 7 ரூபாய் 8 அணா. மீதி சுழி.

எங்கள் வீட்டுக் கதையே வேறு. கும்பகோணத்துப் பக்கம் நிலம் இருந்ததாம், கொள்ளுத்தாத்தா எல்லாவற்றையும் கிண்டி ரேஸில் விட்டாராம். நோட்டில் குதிரையே இல்லை! அப்புறம் இன்னொரு சந்தேகம். முன் பக்கங்களில் பவுன் 13 ரூபாய் சொச்சம்தான். ஊரே நொடித்துக் கிடந்தபோது தங்கத்துக்கு மட்டும் எப்படி 17 கிடைத்தது?

ஓய்வுபெற்ற கணக்கர்:
நோட்டு சரிதான். அப்போது ஒரு ரூபாய்க்கு பிரிட்டிஷ் பணத்தில் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று கட்டிவைத்திருந்தார்கள், அந்தக் கணக்கில் பவுன் 13 ரூபாய் 5 அணா 4 பை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் நாணயமான பவுண்டுக்குத் தங்கத்தோடு இருந்த பிணைப்பை அறுத்துவிட்டது. பவுண்டு சரிந்தது, கூடவே ரூபாயும். தங்கம் ஏறியது. பம்பாயிலிருந்து கப்பல் கப்பலாக வெளியே போனதில் நம் பெண்களின் நகை எவ்வளவோ.

ஆனால் விலைக்கு ஆசைப்பட்டு விற்றார்கள் என்று நினைக்காதீர்கள். நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்துவிட்டது, பர்மா அரிசி வேறு மலிவாக வந்து இறங்கியது. கிஸ்தியோ ரொக்கம், அது குறையவில்லை. முன்பு பத்து மூட்டை விற்றுக் கட்டியதற்கு இருபது மூட்டை வேண்டும். அறுவடையும் கிஸ்தியும் சேர்ந்து வருவது தை, மாசியில்தான். உங்கள் நோட்டில் தை என்று இருப்பதைப் பாருங்கள்.

ராயபுரம் பேரன்:
நகை இருந்தவர்கள் விற்றார்கள். எங்கள் தாத்தாவின் அப்பா மலேயாவில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தவர். ரப்பர் விலை படுத்ததும் தோட்டக் கூலிகளை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். நாகப்பட்டினத்தில் இறங்கினார், ஊரில் வேலை இல்லை, மெட்ராஸ் ஹார்பரில் மூட்டை தூக்க வந்தார். விடியற்காலையில் கேட்டுக்கு வெளியே நிற்பார்களாம். மேஸ்திரி கை காட்டினால் அன்றைக்குச் சோறு, இல்லாவிட்டால் நீராகாரம். அரிசி மலிவு என்கிறார் சார். மலிவுதான், வாங்கக் காசு வேண்டுமே.

ஓய்வுபெற்ற கணக்கர்:
உண்மைதான் தம்பி.

மாம்பலத்துக்காரரே, கிஸ்தியைவிட வட்டி அதிகமாக இருக்கிறதே, கவனித்தீர்களா? 1938இல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பழைய கடன்களின் வட்டிப் பாக்கியைத் தள்ளுபடி செய்தது. அதுவரை நிலம் கையில் இருந்ததா?

மாம்பலத்துக்காரன்:
இல்லை சார், 1935இலேயே கிரயமாகிவிட்டது.

நோட்டைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். 91 வயது, காது மந்தம், இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. "அம்மா கழுத்துல மஞ்சக் கயிறு மட்டுந்தான் பாத்திருக்கேன்" என்றார். ரேஸ் கதையை யார் கட்டியது என்று கேட்டேன். அம்மாவேதானாம். சம்பந்தி வீட்டார் வந்து விசாரித்தபோது, கிஸ்தி கட்ட வழியில்லாமல் கிளம்பி வந்தோம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லையாம்.