பிளெண்டர் கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம்? பழைய பதிப்பு போதுமா?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில் பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். அனிமேஷன் மேல் ரொம்ப நாளாக ஆசை. பயிற்சி மையத்தில் விசாரித்தால் ஃபீஸ் லட்சத்தைத் தொடுகிறது, வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. அதனால் புத்தகம் வாங்கி நானே படித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். யூடியூப் பார்த்து ஒன்றிரண்டு பொருள்கள் செய்திருக்கிறேன், ஆனால் வீடியோவை மூடிவிட்டு நானாக எதையாவது அசைக்கப் பார்த்தால் கை ஓட மாட்டேன் என்கிறது.

பழைய புத்தகக் கடையில் இரண்டு தடிப் புத்தகங்கள் பார்த்தேன். ஒன்று ஃபிளாஷ் சிஎஸ்4 என்ற பழைய அனிமேஷன் மென்பொருள் பற்றியது, பின்னட்டையில் சிடி கூட இருக்கிறது. இன்னொன்று பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளின் 2.7 பதிப்பு பற்றியது. இரண்டும் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். புதிதாக வந்தவை ஆன்லைனில் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பழையதை வாங்கலாமா, காசு சேர்த்துப் புதியது வாங்க வேண்டுமா? பள்ளி முழுக்கத் தமிழ் வழி, ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும். அனுபவம் உள்ள அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.

கீஃப்ரேம் அக்கா:
தம்பி, ஃபிளாஷ் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அந்த மென்பொருளின் பெயரே 2016இல் அனிமேட் என்று மாறிவிட்டது, பிரவுசரில் ஓடிய ஃபிளாஷ் பிளேயரை 2020 டிசம்பர் 31ஓடு அடோபி நிறுத்திவிட்டது. அந்தக் காலத்து ஃபிளாஷ் புத்தகங்களில் பெரும்பகுதி ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்தான், அதாவது ஃபிளாஷுக்கு நிரல் எழுதும் மொழி, அதில் பட்டன் செய்வது, இணையதளத்துக்கு மெனு செய்வது என்று போகும். உங்களுக்கு அது எதற்கும் ஆகாது.

பிளெண்டர் 2.7 புத்தகம் வேறு கதை. 2019 ஜூலையில் 2.80 வந்தபோது இடைமுகம் மொத்தமாக மாறியது. அதற்கு முன்பு பொருளைத் தேர்ந்தெடுக்க வலது கிளிக், இப்போது இடது கிளிக். பொருள்களைப் பிரித்து வைக்க இருபது சின்னக் கட்டங்களாக இருந்த லேயர்கள் போய் கலெக்‌ஷன் வந்தது. காட்சியை இறுதிப் படமாக்கும் பழைய ரெண்டர் எஞ்சினைத் தூக்கிவிட்டு ஈவீ என்ற புதியதைக் கொண்டுவந்தார்கள். ஆக அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்றைய பிளெண்டரைத் திறந்தால் முதல் அத்தியாயத்திலேயே 'இந்த பட்டன் எங்கே?' என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள். புதிதாகக் கற்பவருக்குத் தப்பு புத்தகத்திலா, தன்னிடமா என்று தெரியாது, பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் உண்மையிலேயே வருத்தம் உண்டு, நல்ல திறமை உள்ள பிள்ளைகள் வெறும் பதிப்பு எண் பொருந்தாததால் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே அந்தப் புத்தகம் கையில் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. பிளெண்டர் தளத்திலேயே பழைய பதிப்புகள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும், 2.79ஐ இறக்கித் தனி ஃபோல்டரில் வைத்துக்கொண்டு புத்தகம் சொல்கிறபடியே செய்யலாம், புதியதும் பக்கத்திலேயே இருக்கலாம், ஒன்றோடொன்று மோதாது. ஆனால் காசு கொடுத்து வாங்குவதற்கு இது காரணமாகாது.

புதிய புத்தகம் வாங்குவதென்றால் அட்டையில் உள்ள எண்ணைப் பாருங்கள். நீண்டகால ஆதரவு உள்ள பதிப்புகள் என்று சிலவற்றை பிளெண்டர் இரண்டு வருடம் பராமரிக்கிறது: 3.3, 3.6, 4.2 போன்றவை. அப்படி ஒரு பதிப்பை வைத்து எழுதிய புத்தகம் என்றால் அதே பதிப்பைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக முடிக்கலாம், நடுவில் அப்டேட் செய்யாதீர்கள்.

பென்சில் பெட்டி:
அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் தம்பியின் உண்மையான சிக்கலுக்கு மென்பொருள் புத்தகம் எதிலும் மருந்து இல்லை என்றுதான் நான் சொல்வேன். 'வீடியோவை மூடினால் கை ஓடவில்லை' என்கிறாரே, அது பட்டன் தெரியாததால் வருவதில்லை. ஒரு பொருள் எப்படி அசைகிறது என்பது தெரியாமல் பட்டனை மட்டும் கற்பது, சமைக்கத் தெரியாமல் மிக்சியின் கையேட்டை மனப்பாடம் செய்வது மாதிரி.

என் கருத்து இதுதான்: காகிதத்தில் ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அது மென்பொருள் புத்தகமாக இருக்க வேண்டாம், அசைவைச் சொல்லித்தரும் புத்தகமாக இருக்கட்டும். ரிச்சர்ட் வில்லியம்ஸ் எழுதிய 'தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்'. முதலில் 2001இல் வந்தது, 2009இல் விரிவாக்கிய பதிப்பு. 1988இல் வந்த ரோஜர் ராபிட் படத்தின் அனிமேஷன் இயக்குநர் அவர். அந்தப் புத்தகத்தில் மென்பொருள் பாடமே கிடையாது, அதனால்தான் இன்னும் பழசாகாமல் இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர் என்று சொன்னீர்கள், அதற்கும் இது தோது: பக்கத்துக்குப் பக்கம் படம்தான், எழுத்தும் கையால் எழுதிய மாதிரி சின்னச் சின்னக் குறிப்புகளாகத்தான் வரும்.

ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். நடையைப் பற்றி அவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 படங்கள் என்றால் சாதாரண நடைக்கு ஒரு காலடிக்கு 12 ஃபிரேம். முதல் ஃபிரேமில் குதிகால் தரையைத் தொடுகிறது, 13ஆம் ஃபிரேமில் அடுத்த கால் தொடுகிறது. நடுவில் 7ஆம் ஃபிரேமில் ஒரு கால் இன்னொன்றைக் கடக்கிறது. 4இல் எடை விழுந்து உடம்பு தாழ்கிறது, 10இல் எழும்புகிறது. இதைக் காகிதத்தில் ஐந்து குச்சி மனிதர்களாக வரைந்து பாருங்கள், அப்புறம் பிளெண்டர், மாயா, ஓப்பன்டூன்ஸ் என எந்த அனிமேஷன் மென்பொருளைத் திறந்தாலும் எங்கே கீ வைக்க வேண்டும், அதாவது எந்த ஃபிரேமில் பொருளின் நிலையைப் பதிய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எந்த பட்டன் என்பதை மேனுவலில் தேடிக்கொள்ளலாம். பிளெண்டரின் மேனுவல் இணையத்தில் இலவசம், ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாக இருக்கிறது, அதுதான் உங்கள் மென்பொருள் புத்தகம்.

டிஸ்னி அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய டிஸ்னி புத்தகம் ஒன்றும் உண்டு, அனிமேஷனின் பன்னிரண்டு அடிப்படை விதிகள் அதில்தான் தொகுக்கப்பட்டன. அருமையான புத்தகம்தான், ஆனால் விலை அதிகம், பாதி ஸ்டுடியோ வரலாறு. இப்போதைக்கு வேண்டாம். அந்த விதிகளை 3டிக்கு எப்படிப் பொருத்துவது என்று அப்போது பிக்சாரில் இருந்த ஜான் லாசெட்டர் 1987இல் சிக்கிராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் ஒரு கட்டுரை கொடுத்தார், பத்துப் பக்கம்தான், அகராதி வைத்துக்கொண்டாவது படித்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நள்ளிரவு ரெண்டர்:
மன்னிக்கவும், எனக்கு உடன்பாடில்லை. 3டி கற்க யாரும் இப்போது புத்தகம் படிப்பதில்லை. அசைவைக் கோடாகக் காட்டும் கர்வை இழுக்கும்போது அசைவு எப்படி மாறுகிறது என்பதை அசையாத படத்தில் எப்படிக் காட்டுவார்கள்? நான் முழுக்க வீடியோவில்தான் கற்றேன், இன்று வேலையில் இருக்கிறேன். தம்பிக்கு வீடியோ ஒத்துவரவில்லை என்றால் நல்ல வீடியோ கிடைக்கவில்லை என்று அர்த்தம், முழு நீளத் தொடராகப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீஃப்ரேம் அக்கா:
உங்களுக்கு அப்படி வந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் நான் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் பார்ப்பது வேறு. வீடியோவில் அவர் நிறுத்தும்போது இவர்களும் நிறுத்துகிறார்கள், அவர் இழுத்த அளவுக்கே இழுக்கிறார்கள், கடைசியில் அவருடைய பந்துதான் குதிக்கிறது. புத்தகம் என்றால் படித்ததைத் தானாகச் செய்து பார்த்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. சந்தேகம் வந்தால் பின்னால் உள்ள சொல்லடைவில் பார்த்து நேராக அந்தப் பக்கத்துக்குப் போகலாம், நாற்பது நிமிட வீடியோவை முன்னும் பின்னும் இழுக்க வேண்டாம். அசைவைக் கண்ணால் பார்க்க வீடியோ நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன், இரண்டும் இருக்கட்டும்.

தம்பி, ஆங்கிலம் பற்றி: மெனுப் பெயர்களை மொழிபெயர்த்துப் படிக்காதீர்கள், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அவை மொத்தம் சில டஜன் சொற்கள்தான், திரும்பத் திரும்ப வரும், சீக்கிரம் பழகிவிடும்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. பழைய இரண்டையும் வாங்கவில்லை. 4.2 இறக்கி, மேனுவலைப் பார்த்துக்கொண்டே ஒரு பந்து குதிக்க வைத்தேன். மேலே 1, தரையில் 13, மறுபடி மேலே 25 என்று கீ வைத்தேன். ஆனால் பந்து தரைக்குப் பக்கத்தில் வந்ததும் மெதுவாகி, மிதந்து, அப்புறம் எழும்புகிறது. பலூன் மாதிரி இருக்கிறது. மேனுவலில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

பென்சில் பெட்டி:
மேனுவலில் கிராஃப் எடிட்டர் பகுதி. அதைத் திறந்து இசட் அச்சின், அதாவது உயரத்தின் கோட்டைப் பாருங்கள், தரைக்கு வரும் இடத்தில் கோடு வளைந்து கிண்ணம் போலத் திரும்பியிருக்கும். பிளெண்டர் இரண்டு கீக்களுக்கு நடுவில் தானாகவே வழவழப்பான கர்வ் போடும், அது திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைத்துவிடும். உச்சியில் அது சரி, பந்து மேலே போய் நின்றுதான் திரும்பும். தரையில் சரியில்லை, அங்கே பந்து முழு வேகத்தில் மோதித் திரும்ப வேண்டும். தரைக் கீயை மட்டும் தேர்ந்தெடுத்து வி விசையை அழுத்துங்கள், ஹேண்டில் (கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் பிடி) வகைகள் வரும், வெக்டரைக் கொடுங்கள். கிண்ணம் போய்க் கூர்மையான முனை வரும். உச்சியில் உள்ள கீக்களைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, பந்தின் அளவும் உயரமும் பாருங்கள். பிளெண்டர் கொடுக்கும் கோளம் இயல்பாகவே 2 மீட்டர் அகலம். அதை 5 மீட்டர் உயரத்தில் வைத்து 12 ஃபிரேமில் தரைக்குக் கொண்டுவந்தால் நம்பும்படி இருக்காது. அரை விநாடியில் ஒரு பொருள் சுமார் 1.2 மீட்டர்தான் விழும், 5 மீட்டர் விழக் கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகும், அதாவது 24 ஃபிரேம். ஒன்று உயரத்தைக் குறையுங்கள், இல்லை தரைக் கீயை 25க்கும் அடுத்த உச்சியை 49க்கும் தள்ளுங்கள்.

சரிபார்க்க ஒவ்வொரு முறையும் ரெண்டர் போட வேண்டாம், 8 ஜிபி ரேமுக்கு அது வீண் பாரம். 3டி வியூபோர்ட்டின் வியூ மெனுவில் வியூபோர்ட் ரெண்டர் அனிமேஷன் என்று இருக்கும், முன்னதாக அவுட்புட் பகுதியில் ஃபைல் ஃபார்மேட்டை எஃப்எஃப்எம்பெக் வீடியோ என்று மாற்றிவிட்டால் சாலிட் நிறத்திலேயே வீடியோ வந்துவிடும். அதை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.