ஹேக் தீர்ப்புக்கு ஓர் உறுப்பு நாடு ஏன் கட்டுப்பட வேண்டும்?

கேள்வி:
தான் தரப்பாக உள்ள வழக்கில், ஹேக் நகரில் இயங்கும் ஐ.நா.வின் பன்னாட்டு நீதிமன்றம் வழங்கும் தீர்ப்பை ஒவ்வோர் உறுப்பு நாடும் ஏற்று நடக்க வேண்டும் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 94ஆம் பிரிவு. ஆனால், நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986இல் தனக்கு எதிராக வந்த தீர்ப்பை நிறைவேற்றக் கோரிய தீர்மானத்தை, பாதுகாப்பு அவையில் அமெரிக்காவே தன் வீட்டோ அதிகாரத்தால் தடுத்துவிட்டது. காவல்துறையோ படையோ இல்லாத அந்த நீதிமன்றத்துக்கு ஒரு நாட்டின்மீது உண்மையில் என்ன பிடி இருக்கிறது?

மறுமொழி 1:
அந்த ஒரு வழக்கை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். நைஜீரியாவின் வசமிருந்த பக்காசி தீபகற்பம் கேமரூனுக்கே உரியது என்று 2002இல் தீர்ப்பு வந்தபோது நைஜீரியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் 2006இல் உடன்பாடு கையெழுத்தாகிப் படைகள் வெளியேறத் தொடங்கின, 2008இல் ஒப்படைப்பும் நடந்தது. போரில் தோற்காத ஒரு பெரிய நாடு நிலத்தை விட்டுக்கொடுத்தது எளிய செய்தியன்று.

மறுமொழி 2:
அந்தப் பிடியை ஹேக்கில் தேடுவதைவிட, அந்தந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டத்தில் தேடுவதே பொருத்தம் என்று கருதுகிறேன். தூதரக உதவி கோரும் உரிமை தெரிவிக்கப்படாமலே மரண தண்டனை பெற்ற மெக்சிகோ நாட்டவரின் வழக்குகளை மீளாய்வு செய்யுமாறு, அவேனா வழக்கில் 2004இல் அமெரிக்காவுக்குத் தீர்ப்பளிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் புஷ் அதற்கு இணங்கச் சொல்லியும், நாடாளுமன்றம் சட்டம் இயற்றாதவரை அத்தீர்ப்பு மாநில நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதே ஆண்டில் டெக்சாஸ் மாநிலம் அவர்களுள் ஒருவருக்குத் தண்டனையை நிறைவேற்றியது. மாறாக, உளவுக் குற்றச்சாட்டில் பாகிஸ்தானில் மரண தண்டனை பெற்ற இந்தியர் ஜாதவ் வழக்கின் 2019ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின், இராணுவ நீதிமன்றத்தின் தண்டனையை உயர் நீதிமன்றம் மீளாய்வு செய்ய வழிவகுக்கும் சட்டத்தைப் பாகிஸ்தான் 2021இல் இயற்றியது. அச்சட்டம் நடைமுறையில் எவ்வளவு பயன் தரும் என்பது வேறு கேள்வி. ஆனால் ஹேக்கில் எழுதப்பட்ட ஒரு வரி, ஒரு நாட்டின் சட்டநூலுக்குள் நுழைந்துவிட்டது.

கேள்வி கேட்டவர்:
விளக்கத்துக்கு நன்றி. ஆனால் அவேனா தீர்ப்புக்குப் பின், அத்தகைய வழக்குகளுக்கு இடமளித்த பன்னாட்டு ஒப்பந்த நெறிமுறையிலிருந்தே 2005இல் அமெரிக்கா விலகியது. இப்படி வெளியேறும் வழி திறந்திருக்கும்போது, உள்நாட்டுச் சட்டம் மட்டும் போதுமா?

மறுமொழி 3:
விலகல் இனி வருவதைத் தடுக்குமே தவிர, உறுப்பினராக இருந்த காலத்துப் பொறுப்பை அழிக்காது. இது தனிமனிதர்களை விசாரிக்கும் வேறொரு நீதிமன்றம் என்றாலும் எடுத்துக்காட்டு பொருந்தும்: பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து பிலிப்பைன்ஸ் 2019இல் விலகியது, அதற்கு முந்தைய காலத்துக் குற்றச்சாட்டுகளுக்காக முன்னாள் அதிபர் டுடெர்டே 2025 மார்ச்சில் கைதாகி ஹேக்குக்கு அனுப்பப்பட்டார். அவரைப் பிடித்துக்கொடுத்தது அவருடைய நாட்டின் காவல்துறையே.