பாளையங்கோட்டையில் கூடிப் பேச ஒரு அறை வேண்டும்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். ஊர்க்கதைகளைச் சொந்தச் செலவில் ஒலிப்பதிவு செய்கிற நாங்கள் ஏழு பேர், அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் கூடலாம் என்றிருக்கிறோம். பஸ் ஹாரன் கேட்காத அறை யாரிடமாவது இருக்கிறதா?

பத்தமடையில் ஒரு அம்மா பாய் நெய்துகொண்டே பேசியதைப் பதிந்தோம். கோரையைச் செருகி அச்சை இழுத்து அடிக்கிற அந்தச் சத்தம் அவ்வளவு அழகு! ஆனால் அவர் பேச்சில் பாதியை ஃபேன் இரைச்சல் தின்றுவிட்டது. மறுபடி பதிய மனசு வரவில்லை, அந்தப் பேச்சு திரும்ப வராது. இரைச்சலைப் போனிலேயே குறைக்கத் தெரிந்தவர்கள் வந்து கற்றுத்தாருங்கள்.

இன்னொன்று, 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி, அதாவது சுற்றுவட்டார மக்களுக்கான சின்ன எஃப்.எம். நிலையம், தொடங்கலாம். அதற்கு விண்ணப்பித்த அனுபவம் உள்ளவர்கள் ஒரு மணி நேரம் பேசினால் பெரிய உதவி. பஸ் செலவும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.